வாசகர் கேள்வி–பதில்: ஓடிக்கொண்டிருக்கும் டொமைனுக்குப் பெயர் மாற்றலாமா?

இந்த மாதம் மலைப்பகுதி வாசகர்கள் ஐந்து பேர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். அலுவலக நெட்வொர்க்கின் டொமைன் பெயரை மாற்ற வேண்டும், என்ன செய்வது என்பதே கேள்வி. இங்கே டொமைன் என்பது இணைய முகவரி அல்ல, அலுவலகக் கம்ப்யூட்டர்களையும் யூசர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு. அதை நடத்தும் சர்வர் டொமைன் கன்ட்ரோலர், அதில் இருக்கும் கணக்குப் பட்டியல் ஆக்டிவ் டைரக்டரி. ஐந்துக்கும் சேர்த்தே பதில் தருகிறோம். முதல் பதில் நீளமானது. மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வருவது நல்லது.

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலை கைமாறி இரண்டு வருடம் ஆகிறது. போர்டு, பில், சாக்கு எல்லாவற்றிலும் புதுப் பெயர் வந்துவிட்டது. விண்டோஸ் டொமைனில் மட்டும் பழைய முதலாளியின் குடும்பப் பெயரே இருக்கிறது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்தப் பெயர்தான் முதலில் கண்ணில் படுகிறது. விண்டோஸ் சர்வர் 2016 போட்ட டொமைன் கன்ட்ரோலர்கள் இரண்டு. ஒன்று இங்கே தொழிற்சாலையில், மற்றது குன்னூர் அலுவலகத்தில். மொத்தம் 64 கம்ப்யூட்டர். மெயில் வெளியில் இருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வர்) கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பெயரை மாற்றிவிட முடியுமா? என்ன ஆபத்து?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: முடியும். விண்டோஸ் சர்வர் 2003 காலத்திலிருந்தே இதற்கென்று 'ரென்டாம்' என்ற கருவி இருக்கிறது. உங்கள் 2016 சர்வரில் அது ஏற்கெனவே உள்ளேயே கிடக்கிறது. ஆனாலும், கண்ணுக்கு உறுத்துகிறது என்பது மட்டுமே காரணமென்றால் மாற்றாதீர்கள். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

விண்டோஸ் ஒரு டொமைனைப் பெயரால் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. எஸ்ஐடி என்ற நீண்ட எண் ஒன்று உண்டு, அதுதான் அடையாளம். ரென்டாம் அந்த எண்ணைத் தொடுவதில்லை. அதனால் பாஸ்வேர்டு, ஃபோல்டர் அனுமதி, ஒவ்வொருவரின் டெஸ்க்டாப் எல்லாம் அப்படியே இருக்கும். உடைவது வேறு இடத்தில். பழைய பெயரை யாரோ என்றோ கையால் தட்டிவைத்த இடங்கள் இருக்குமே, அவையெல்லாம் உடையும். அவற்றை எந்தக் கருவியும் தேடித் திருத்தாது.

உங்கள் தொழிற்சாலையிலேயே பாருங்கள். பச்சைத் தேயிலை எடை போடும் இடத்துக் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள் ஒரு சர்வீஸ் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் அதைத் திறந்து 'லாக் ஆன்' பக்கத்தைப் பாருங்கள். பழையபெயர், ஒரு சாய்கோடு, கணக்கின் பெயர் என்று இருக்கும். டொமைனின் குறும்பெயர் (சாய்கோட்டுக்கு முன்னால் வரும் சின்னப் பெயர்) மாறிவிட்டால் அந்த சர்வீஸ் திங்கட்கிழமை காலை எழுந்திருக்காது. விவசாயிகள் மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள். அலுவலக ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் சர்வர் ஃபோல்டருக்குப் போகிறதா? அந்த மெஷினின் மெனுவுக்குள் இருக்கும் யூசர் பெயரும் பாதையும் பழைய பெயரில்தான் இருக்கும். எல்டாப் வழியாக டொமைனில் யூசரைச் சரிபார்க்கும் ஃபயர்வால், வருகைப்பதிவு மெஷின், நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி, இரவு பேக்கப்புக்குக் கொடுத்த கணக்கு, டாலியின் டேட்டா பாதை, குரூப் பாலிசியில் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துக் கொடுக்கும் விதிகள்) மேப் செய்த டிரைவ், லாகின் ஸ்கிரிப்ட் என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் இருந்தால் லாகின் வேலை செய்யும், ஏனென்றால் அது எஸ்ஐடியைப் பார்க்கிறது. பட்டியலில் மட்டும் பழைய பெயரே தெரியும். 'ஆல்டர் லாகின்' கட்டளையால் திருத்திக்கொள்ளலாம். டொமைன் பெயரைத் தலையில் வைத்து உருவாக்கிய டிஎஃப்எஸ் (பல சர்வர் ஃபோல்டர்களை ஒரே பெயரில் காட்டும் வசதி) பாதைகள் அத்தனையும் மாறும். சொந்தச் சான்றிதழ் சர்வர் இருந்தால் அது தனிப் பெரிய வேலை. ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் இருக்கும் முகவரி பழைய பெயரோடு ஒவ்வொரு சான்றிதழிலும் அச்சாகியிருக்கிறது.

இந்தத் தேடலுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் இடம், இப்போதுள்ள எழுத்து, மாற்ற வேண்டிய எழுத்து, மாற்றப்போகும் ஆள் என்று எழுதி வாருங்கள். நாற்பது வரி தேறினால், அந்த நாற்பதையும் ஒரே இரவில் செய்ய ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இல்லையென்றால் அடுத்து உதகை வாசகருக்குச் சொல்லியிருக்கும் வழியே உங்களுக்கும் போதும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், தயாரிப்பு இது. இரண்டு கன்ட்ரோலர்களிலும் அவற்றின் நலம் பார்க்கும் 'டிசிடயாக்' ஓட்டுங்கள். மாற்றங்கள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேர்கின்றனவா என்று காட்டும் 'ரெப்அட்மின் /ரெப்சம்மரி' முடிவில் தோல்வி என்ற கட்டத்தில் பூஜ்யம் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. இரண்டிலும் சிஸ்டம் ஸ்டேட் (டைரக்டரியும் விண்டோஸ் அமைப்புகளும் சேர்ந்தது) பேக்கப் எடுங்கள். பேக்கப்பைத் திருப்பிப் போட சர்வரைத் திறக்கும் டைரக்டரி ரெஸ்டோர் மோடின் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பல அலுவலகங்களில் சர்வரை நிறுவியவரோடு அதுவும் போய்விட்டிருக்கும். 64 கம்ப்யூட்டரிலும் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு தெரிய வேண்டும். இது மிக முக்கியம். ஒரு கம்ப்யூட்டர் டொமைனை விட்டு நழுவிவிட்டால் உள்ளே போக அது ஒன்றுதான் கதவு.

டிஎன்எஸ்ஸில் (பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் சேவை) புதுப் பெயருக்கு ஒரு ஜோனும் (அந்தப் பெயருக்கான பதிவுகளின் தொகுப்பு), அதே பெயருக்கு முன் '_எம்எஸ்டிசிஎஸ்' சேர்த்த இன்னொரு ஜோனும் முன்கூட்டியே நீங்களே உருவாக்க வேண்டும். ரென்டாம் உருவாக்கித் தராது. சர்வர்கள் தாமே பதிவு எழுத, இரண்டிலும் டைனமிக் அப்டேட் அனுமதி இருக்கட்டும். வேலையை டொமைன் கன்ட்ரோலரில் உட்கார்ந்து செய்யக் கூடாது. டொமைனில் சேர்ந்த வேறொரு சர்வரில் (இதைக் கன்ட்ரோல் சர்வர் என்போம்) நிர்வாகக் கருவிகளைப் போட்டு, எண்டர்பிரைஸ் அட்மின் கணக்கில், ஒரே ஃபோல்டருக்குள் நின்று கடைசி வரை செய்யுங்கள்.

முதல் கட்டளை 'ரென்டாம் /லிஸ்ட்'. அது 'டொமைன்லிஸ்ட்.எக்ஸ்எம்எல்' என்ற ஃபைலைத் தரும். நோட்பேடில் திறந்து பாருங்கள். உங்களிடம் இருப்பது ஒரே டொமைன், ஆனால் ஃபைலில் மூன்று பகுதிகள் இருக்கும். ஒன்றின் டிஎன்எஸ் பெயர் 'டொமைன்டிஎன்எஸ்ஜோன்ஸ்' என்று தொடங்கும், இன்னொன்று 'ஃபாரஸ்ட்டிஎன்எஸ்ஜோன்ஸ்' என்று. மூன்றாவதுதான் டொமைன். டிஎன்எஸ் பெயரை மூன்றிலும் மாற்ற வேண்டும். பலர் டொமைன் பகுதியை மட்டும் திருத்திவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் பார்ட்டிஷன் பழைய பெயரிலேயே நின்றுவிடும். குறும்பெயர், அதாவது நெட்பயாஸ் பெயர், டொமைன் பகுதியில் மட்டும்தான் இருக்கும். லாகின் திரையில் உங்களை உறுத்துவது அதுதான். ஃபைலில் இருக்கும் ஜியுஐடி என்ற அடையாள எண்களில் கை வைக்காதீர்கள். சேமித்த பிறகு 'ரென்டாம் /ஷோஃபாரஸ்ட்' கொடுத்தால் புதுப் பெயரோடு வடிவம் தெரியும். எழுத்துப்பிழையை இங்கேயே இரண்டு பேர் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது '/அப்லோட்'. டொமைன் நேமிங் மாஸ்டர் (டொமைன் பெயர்களைக் கவனிக்கும்) பொறுப்பில் உள்ள கன்ட்ரோலரில் இது மாற்றக் குறிப்பை எழுதிவைக்கும், கூடவே 'டிசிலிஸ்ட்.எக்ஸ்எம்எல்' என்ற ஃபைல் உருவாகும். இந்த நேரத்திலிருந்து '/எண்ட்' கொடுக்கும் வரை ஃபாரஸ்ட், அதாவது உங்கள் முழு டொமைன் அமைப்பும், பூட்டப்பட்டிருக்கும். புது கன்ட்ரோலர் சேர்க்கவோ, பழையதை நீக்கவோ, வேறு டொமைனோடு டிரஸ்ட் என்ற நம்பிக்கை இணைப்பை உருவாக்கவோ முடியாது. குறிப்பு குன்னூருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, புது ஜோனில் இரண்டு கன்ட்ரோலர்களின் பதிவுகளும் தானாக வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு '/பிரிப்பேர்'. டிசிலிஸ்ட் ஃபைலில் இரண்டும் 'பிரிப்பேர்டு' நிலைக்கு வந்தால்தான் மேலே போகலாம். ஒன்று வரவில்லையென்றாலும் அங்கேயே நில்லுங்கள். இதுவரை எந்தப் பெயரும் மாறவில்லை.

'/எக்ஸிக்யூட்' கொடுத்த பின் திரும்பும் வழி கிடையாது. பெயரைப் பழையபடி ஆக்க வேண்டுமானால் இதே வேலையை முதலிலிருந்து தலைகீழாகச் செய்ய வேண்டியதுதான். இரண்டு கன்ட்ரோலர்களும் தாமாக ரீஸ்டார்ட் ஆகும். அந்த நேரம் யாராலும் லாகின் செய்ய முடியாது. இரண்டுக்கும் யுபிஎஸ் நிற்க வேண்டும். டிசிலிஸ்ட் ஃபைலில் இரண்டும் 'டன்' ஆனதும் கன்ட்ரோல் சர்வரை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு '/எண்ட்' கொடுங்கள். அடுத்து 'ஜிபிஃபிக்ஸ்அப்', பழைய டிஎன்எஸ் பெயர், புது டிஎன்எஸ் பெயர், பழைய குறும்பெயர், புதுக் குறும்பெயர், எந்த கன்ட்ரோலர் என்ற ஐந்தும் கொடுத்து. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். டொமைன் பெயர் மாறினாலும் கன்ட்ரோலரின் சொந்த முழுப்பெயர் இன்னும் பழைய வாலோடுதான் (புள்ளிக்குப் பின்வரும் டொமைன் பகுதி) இருக்கும். கட்டளையின் கடைசியில் அந்தப் பழைய முழுப்பெயரையே கொடுக்க வேண்டும். ஜிபிஃபிக்ஸ்அப் குரூப் பாலிசிகளின் இணைப்பைத் திருத்தும். பாலிசிக்குள் நீங்கள் எழுதிய டிரைவ் பாதைகளைத் திருத்தாது. அவை உங்கள் நோட்டில் இருக்கும் வரிகள்.

இனி 64 கம்ப்யூட்டரும், ஒவ்வொன்றும் இரண்டு முறை ரீஸ்டார்ட். முதல் தடவையில் அது புதுப் பெயரைக் கற்றுக்கொள்ளும், இரண்டாவதில் அதன் சர்வீஸ்கள் கற்றுக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே லாகின் செய்து, எல்லாம் எழும்பும்வரை காத்திருங்கள். பவர் பட்டனை அமுக்கி அணைக்கக் கூடாது. லேப்டாப்களுக்கு வைஃபை வேண்டாம், கேபிள் செருகுங்கள். வீட்டுக்குப் போன லேப்டாப்களை முன்பே வரவழைத்துவிடுங்கள். விபிஎன் வழியாக இது நடக்காது, டொமைனிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும்.

கடைசிக் கம்ப்யூட்டரும் முடிந்தது என்று நோட்டில் டிக் விழும்வரை '/கிளீன்' கொடுக்காதீர்கள். அது பழைய பெயரின் தடத்தை அழித்துவிடும், அதன் பிறகு மீதமிருக்கும் கம்ப்யூட்டருக்குப் புதுப் பெயரைத் தானாகக் கற்க வழி இல்லை. ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. பழைய டிஎன்எஸ் ஜோனையும் சில மாதம் அப்படியே விட்டுவையுங்கள். கன்ட்ரோலர்களின் வால் பெயரை 'நெட்டாம் கம்ப்யூட்டர்நேம்' கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள், ஒரே நாளில் இரண்டையும் தொடாமல். எல்லாம் முடிந்ததும் உடனே புது பேக்கப். பெயர் மாற்றத்துக்கு முன் எடுத்த சிஸ்டம் ஸ்டேட்டை இனி இந்த டொமைனில் திருப்பிப் போட முடியாது.

ஒரு ஞாயிறு போதாது. சனி மாலை ஆலை நின்றதும் தொடங்குங்கள். கோத்தகிரியில் ஒருவர், குன்னூரில் ஒருவர் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மண் சரிந்தோ மரம் விழுந்தோ இரண்டு ஊருக்கும் நடுவே கேபிள் அறுந்தால் பாதி வேலையில் நிற்பீர்கள். மாசி, பங்குனி வெயில் நாட்களே நல்லது.

கேள்வி: உதகையில் பள்ளி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் டொமைன் '.லோக்கல்' என்று முடிகிறது. ஆசிரியர்களை மைக்ரோசாஃப்ட் 365-க்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே '.லோக்கல்' செல்லாது, டொமைன் பெயரை மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— ஒரு வாசகி, உதகை

பதில்: '.லோக்கல்' அங்கே செல்லாது என்பது உண்மை. அதற்காக டொமைன் பெயரை மாற்ற வேண்டும் என்பது உண்மை அல்ல, மேடம். மாற்ற வேண்டியது ஆசிரியர்களின் லாகின் பெயரில் '@' குறிக்குப் பின்னால் வரும் பகுதியை மட்டும். அதற்கு யுபிஎன் சஃபிக்ஸ் என்று பெயர். இருபது நிமிட வேலை, ஒரு கம்ப்யூட்டரைக்கூட ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

பள்ளியின் இணையப் பெயரை மைக்ரோசாஃப்ட் 365-இல் முதலில் சேர்த்து, அவர்கள் தரும் டிஎக்ஸ்டி பதிவை (பெயர் உங்களுடையது என்று காட்டும் வரி) அந்த இணையப் பெயரின் வெளி டிஎன்எஸ்ஸில் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு சர்வரில் 'ஆக்டிவ் டைரக்டரி டொமைன்ஸ் அண்ட் டிரஸ்ட்ஸ்' திறந்து, இடப்பக்கம் மேலே இருக்கும் முதல் வரியை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். டொமைன் பெயர் உள்ள வரி அல்ல, அதற்கும் மேலே உள்ளது. அங்கே பள்ளியின் இணையப் பெயரைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு யூசரின் 'அக்கவுண்ட்' பக்கத்திலும் '@' பக்கத்தில் உள்ள பட்டியலில் அது தெரியும். முதலில் மூன்று பேருக்கு மட்டும் மாற்றி, ஒரு நாள் பாருங்கள். பிறகு மற்றவர்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே மூச்சில் மாற்றலாம். பழைய குறும்பெயர் முறையில் லாகின் செய்பவர்களுக்கு எதுவும் மாறாது.

இதை முதல் சிங்க் (சர்வரில் உள்ள யூசர்களை மைக்ரோசாஃப்ட் 365-க்கு ஏற்றும் வேலை) ஓடும் முன்பே செய்துவிடுங்கள். '.லோக்கல்' பெயரோடு சிங்க் ஓடினால் ஆசிரியர்களின் பெயர் 'ஆன்மைக்ரோசாஃப்ட்.காம்' என்ற வாலோடு மேலே போய்விடும். ஒன்டிரைவ் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு மாற்றினால் அதன் முகவரி மாறி, பகிர்ந்த இணைப்புகள் வேலை செய்யாமல் போகும்.

கேள்வி: எங்களிடம் எக்ஸ்சேஞ்ச் 2016 ஓடுகிறது. ரென்டாம் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர், வெலிங்டன்

பதில்: கூடாது. எக்ஸ்சேஞ்ச் 2007 முதல் வந்த எந்தப் பதிப்பிலும் டொமைன் பெயர் மாற்றத்துக்கு ஆதரவு இல்லை. எக்ஸ்சேஞ்ச் 2003-க்கு மட்டும் தனிக் கருவி ஒன்று இருந்தது, அது அந்தப் பதிப்போடு போயிற்று. மெயில் முகவரியில் புதுப் பெயர் வேண்டுமென்றால் அக்செப்டட் டொமைனாக (எக்ஸ்சேஞ்ச் மெயில் வாங்கும் பெயராக) அதைச் சேர்த்து, முகவரிப் பாலிசியை மாற்றினால் போதும். உள்ளே இருக்கும் டொமைன் பெயர் மெயில் முகவரியில் தெரியாது.

கேள்வி: எஸ்டேட் அலுவலகத்தில் டொமைன் பெயரை மாற்றத் தொடங்கி, எக்ஸிக்யூட் கொடுத்துவிட்டோம். தலைமை அலுவலக சர்வர் மாறிவிட்டது. தேவாலா பக்கம் இருக்கும் இரண்டாவது கன்ட்ரோலர் மழையில் லைன் போனதால் மாறவில்லை. ஃபைலில் இன்னும் 'பிரிப்பேர்டு' என்றே காட்டுகிறது. வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் நான்கு மேலாளர்களுக்கும் சர்வர் ஃபோல்டர் திறக்கவில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகர், கூடலூர்

பதில்: முதலில், '/எண்ட்', '/கிளீன்' இரண்டையும் தொடாதீர்கள். நிலைமை கைமீறவில்லை. அந்த சர்வரை யாரும் அவசரப்பட்டு ஃபார்மட் செய்யவும் வேண்டாம்.

எக்ஸிக்யூட் கட்டளை ஒவ்வொரு கன்ட்ரோலரையும் நெட்வொர்க் வழியே கூப்பிட்டுச் சொல்கிறது. தேவாலா கேட்கவில்லை, அவ்வளவுதான். லைன் வந்ததும் அதே கன்ட்ரோல் சர்வரில், அதே ஃபோல்டரில், அதே டிசிலிஸ்ட் ஃபைலை வைத்துக்கொண்டு '/எக்ஸிக்யூட்' மறுபடி கொடுங்கள். 'டன்' ஆன சர்வரை அது விட்டுவிட்டு மற்றதை மட்டும் கூப்பிடும். 'எரர்' என்று காட்டினால் ஃபைலில் அந்த சர்வரின் பகுதிக்குள் 'ரீட்ரை' என்ற இடத்தில் 'யெஸ்' (yes) என்று எழுதிச் சேமித்து மீண்டும் கொடுங்கள். அப்படியும் அசையவில்லையென்றால், அல்லது லைன் வாரக்கணக்கில் வராது என்றால், அந்த சர்வரிலிருந்து ஆக்டிவ் டைரக்டரியைக் கட்டாயமாக நீக்கிவிட்டு, நல்ல சர்வரில் அதன் மெட்டாடேட்டாவை (அதைப் பற்றி மிஞ்சிய பதிவுகளை) துடைத்து, பெயர் மாற்றம் முழுதும் முடிந்தபின் புதிதாகச் சேர்ப்பதே வழி. பாதி மாறிய கன்ட்ரோலரைப் பின்னால் நெட்வொர்க்கில் செருகவே கூடாது.

லேப்டாப்கள்: நான்கையும் அலுவலகத்துக்கு வரவழைத்துக் கேபிளில் செருகி இருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், நீங்கள் இன்னும் '/கிளீன்' கொடுக்காததால் தானாகச் சரியாக வாய்ப்பு அதிகம். ஆகாவிட்டால் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டராக உள்ளே போய், ஒர்க்குரூப்புக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, புதுப் பெயரில் டொமைனில் சேருங்கள். எஸ்ஐடி மாறாததால் மேலாளரின் பழைய டெஸ்க்டாப்பே திரும்ப வரும்; ஃபைல்களைக் காப்பியடித்து வைத்துக் காத்திருக்கத் தேவையில்லை. அதுவரை வீட்டில், நெட்வொர்க் இல்லாமல், பழைய பெயரில் லாகின் செய்து லேப்டாப்பில் உள்ளதைப் பார்க்கலாம்.

கேள்வி: கொடைக்கானலில் புதிதாக விடுதி ஒன்றுக்கு நெட்வொர்க் போடுகிறோம், 30 கம்ப்யூட்டர். பின்னால் பெயர் மாற்றும் தலைவலி வராமல் இருக்க என்ன பெயர் வைக்கலாம்?
— ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: நீங்கள் காசு கட்டிப் பதிந்திருக்கும் இணையப் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து வையுங்கள். விடுதியின் இணையப் பெயர் 'பெயர்.இன்' என்றால், டொமைன் 'ஏடி.பெயர்.இன்'. வெப்சைட் பெயரையே அப்படியே வைத்துவிட்டால், உள்ளேயிருந்து வெப்சைட்டைத் திறக்கப் பார்க்கும்போது பிரவுசர் டொமைன் கன்ட்ரோலரிடம் போய் நிற்கும். '.லோக்கல்' வேண்டாம்: ஆப்பிள் கருவிகளும் பல பிரிண்டர்களும் தங்களுக்குள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க அந்த வாலைப் பயன்படுத்துகின்றன, தவிர 2015 நவம்பருக்குப் பின் அதற்குப் பொதுச் சான்றிதழும் கிடைக்காது. புள்ளியே இல்லாத ஒற்றைச் சொல் இன்னும் மோசம். '.இண்டர்னல்' என்ற வாலை உள் நெட்வொர்க்குகளுக்கென்று 2024-இல் ஒதுக்கியிருக்கிறார்கள். சொந்த இணையப் பெயர் இல்லாதவர்கள் அதை வைக்கலாம், பொதுச் சான்றிதழ் மட்டும் அதற்கும் கிடையாது.

குறும்பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதில் முதலாளி பெயரோ விடுதியின் பெயரோ வேண்டாம், கைமாறினால் மேலே கோத்தகிரி வாசகர் படும் பாடுதான். 'ஏடி.பெயர்.இன்' என்று கொடுத்தால் நிறுவும் திரை குறும்பெயராக 'ஏடி' என்று தானே எழுதிக் காட்டும். அவசரத்தில் 'நெக்ஸ்ட்' அழுத்திவிடாமல், அந்தத் திரையிலேயே 'மலை' என்றோ 'ஆபீஸ்' என்றோ பொதுவான சொல்லாக மாற்றிவிட்டு மேலே போங்கள்.